சிம்வெம்வே இல்லாத வீட்டுக்கு

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நானும் மகள் அனுஷாவும் டார்ம்ஸ்டாட்டில் இருந்து பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குப் பேருந்தில் ஏறினோம். போகும் இடம் மலாவி நாட்டில், டெட்சா நகரத்துக்கு அருகே ஒரு கிராமம். அங்கே சிம்வெம்வே என்ற பிள்ளையின் படிப்புக்கு ஒரு தொண்டு நிறுவனம் வழியாக ஒன்பது வருடங்களாக உதவி வந்தோம். எட்டு வயதில், தன் வயதுப் பிள்ளைதான் வேண்டும் என்று நிறுவனம் அனுப்பிய படங்களுக்குள் தேடி அவளை எடுத்தவள் அனுஷா.

மாசி மாதம் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் சிம்வெம்வே இறந்துவிட்டாள். விரும்பினால் வேறொரு பிள்ளையைத் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அனுஷா வாசித்துவிட்டு, "அம்மா, ஒருக்கா அங்கை போகவேணும்" என்றாள். அவளுடைய அவுஸ்பில்டுங்கில், தொழிற்பயிற்சியில், லீவு கிடைக்க ஆடி மாதமாகிவிட்டது.

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, சனிக்கிழமை மதியம் லிலோங்வேயில் இறங்கினோம். நிறுவனம் அனுப்பிய ஓட்டுநர் பண்டா காத்திருந்தார். எனக்கு ஜேர்மன் தெரியும், ஆங்கிலம் ஓடாது. அவர் சொன்னதை அனுஷா தமிழில் சொன்னாள்.

"செத்தவீட்டுக்குப் போறவை சோளமா கொண்டுபோறதாம். வாங்குவமோ எண்டு கேக்கிறார்."

"ஓம், வாங்கச் சொல்லு பிள்ளை."

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். டெட்சா எண்பத்தைந்து கிலோமீற்றர். ஆப்பிரிக்காவில் இப்படிக் குளிரும் என்று நான் நினைக்கவில்லை. தெருவோரத்தில் பெண்கள் உருளைக்கிழங்கை வாளிகளில் குவித்து விற்றார்கள். டெட்சாவைத் தாண்டி மண் பாதை; பன்னிரண்டு கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது.

செங்கல் வீடு, தகரக் கூரை. முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். சிம்வெம்வேயின் தாய் எஸ்தர் என்னைவிட இளையவள். என் இரண்டு கைகளையும் பிடித்து இருத்திவிட்டு, பண்டாவிடம் ஏதோ கேட்டாள். அவர் நிலத்தைப் பார்த்தபடி அனுஷாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?"

"ஒண்டுமில்லையம்மா."

"சொல்லு."

"எப்ப வருவியள் எண்டு சிம்வெம்வே எங்களுக்கு எழுதின ஒவ்வொரு கடிதத்திலையும் கேட்டவளாம். பிள்ளை உயிரோட இருக்கேக்கை ஏன் வரேல்லை எண்டு கேக்கிறா."

ஒவ்வொரு முறையும் 'வாற வருஷம்' என்றுதான் பதில் எழுதினேன். வேலையில் லீவு தரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எஸ்தரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"கனடாவுக்கு ரெண்டு தரம் கலியாணத்துக்குப் போனனாங்கள். இஞ்சை வந்திருக்கலாம், வரேல்லை. அப்பிடியே சொல்லு."

அனுஷா அழுதுகொண்டே சொன்னாள். பண்டா சிச்சேவா மொழியில் சொன்னார். எஸ்தர் தலை குனிந்து கேட்டாள். பிறகு பண்டாவிடம் ஏதோ சொன்னாள்.

"கலியாணமெண்டால் போகத்தானே வேணும் எண்டு சொல்லுறாம்மா."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கைகளில் நெற்றியை வைத்து அழுதேன். என் முதுகைத் தடவியவள் அவள்தான்.

வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்குள் இடுகாடு. ஒரு மண்மேட்டில் மட்டும் புல் இல்லை. அன்று காலையில்தான் பிடுங்கியிருக்க வேண்டும். எஸ்தர் முழந்தாளிட்டு, நித்திரையில் கிடக்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல் மண்ணைத் தட்டினாள். அவள் சொன்னதைப் பண்டா நாங்கள் கேட்காமலே மொழிபெயர்த்தார். அனுஷா எனக்குச் சொன்னாள்:

"'எழும்பு பிள்ளை, உன்ரை ஜேர்மனிக்காரர் வந்திட்டினம்' எண்டு சொல்லுறா."

திங்கள் மதியம் லிலோங்வே விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். யாழ்ப்பாணத்தில் என் அம்மா இறந்தபோது நான் ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்தேன். செத்தவீட்டுக்குப் போகக் கையில் ஒரு கடதாசியும் இல்லை. அதைச் சொல்லியே இவ்வளவு காலமும் என் மனதைத் தேற்றி வந்திருக்கிறேன். சிம்வெம்வே காத்திருந்த ஒன்பது வருடமும் இந்தப் பாஸ்போர்ட் என் கையில்தான் இருந்தது. அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.