சரசு போட்ட மொத கார்டு

தோல் நாத்தம் கையை வுட்டுப் போகவே போகாதுங்க. சீயக்கா போட்டுத் தேய்ப்பேன், எலுமிச்சம்பழம் தேய்ப்பேன்... ம்ஹும். ரயில்ல பக்கத்துல ஒக்கார்ற ஆளு மூக்கைப் பொத்திக்கினு எழுந்து போய்டுவான்.

அப்ப ஆம்பூர்ல ஒரு தோல் மண்டியில எனக்கு வேலை. மெட்ராசுக்குப் போற தோல் கட்டு மேல பிரஷ்ஷால அட்ரஸ் எழுதணும். மொதலாளி சாயபு, அதனால வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை ஆனா பாசஞ்சர் புடிச்சி குடியாத்தம் ஓடுவேன். எம்பொண்ணு சரசு அங்கதான் இருந்தா.

அவளுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது என் சம்சாரம் காய்ச்சல்ல போய்ட்டா. நானோ நாலு ஆம்பளைங்களோட ஒரே ரூம்ல. பொம்பளப் புள்ளைய எங்க வெச்சிப் பாக்கறது? சம்சாரத்தோட அக்கா, நான் அண்ணின்னு கூப்பிடறவங்க, "நான் வளக்கறேன்"னு தூக்கிக்கினாங்க. அவங்களுக்குக் கொழந்தை இல்ல. தறி போட்ட வூடு.

சரசுக்கு அஞ்சு வயசு நடக்குது... அண்ணி வூட்டுக்காரருக்கு, அதான் என் சகலைக்கு, கோலார் தங்கவயல்ல வேலை கெடச்சிடுச்சி. தை பொறந்ததும் குடும்பத்தோட கெளம்பறாங்கன்னு சொன்னாங்க. அங்கல்லாம் வாராவாரம் போக முடியுமா? சகலைக்கும் எனக்கும் பேச்சே கெடையாது, அவரு கடுதாசி போட மாட்டாரு. அண்ணிக்கு எழுதத் தெரியாது. எம்பொண்ணு சாப்டாளா, தூங்கினாளா, எனக்கு யாரு சொல்லுவா?

ஒரே வழிதான். சரசுவே எழுதணும்.

மூணு மாசந்தான் இருந்துச்சி. சிலேட்டும் பல்பமும் வாங்கிக்கினு போனேன். தோல் கட்டு மேல எழுதற கை இல்லியா, அந்தத் திமிரு. அவ கையைப் புடிச்சி அழுத்துனேன். பல்பம் டக்குனு ஒடஞ்சிது. இன்னொண்ணு... அதுவும் போச்சி. கத்திட்டேன். எனக்குப் பொறுமை எப்பவுமே கம்மி. அடுத்த வாரம் என்னைப் பாத்ததும் பெரிம்மா முந்தானைக்குள்ள பூந்துக்கினா.

திரும்பி வரும்போது ரயில்லயே அழுதேன். அப்ப யாரும் பக்கத்துல ஒக்காரல, அது ஒண்ணுதான் நல்லது.

மண்டியில என் தோஸ்த் கரீம்கிட்ட சொன்னேன். அவன் நாலு புள்ள பெத்தவன்.

"இன்னாபா நீ! கொழந்தை இன்னா தோல் கட்டா? அது வெரல்ல இன்னும் பலமே ஏறல. பல்பத்தை ஓரங்கட்டு. அதுகூட வெளையாடு, வெரலு தானா வரும்."

சொல்லிட்டு, ஓரம் வெட்டிப் போட்ட தோல் துண்டு ஒண்ணை எடுத்தான். அதைச் சுத்தி ஓரமா ஆணியால ஓட்டை போட்டான். ஒரு தோல் வாரையும் குடுத்து, "கோத்து வுடச் சொல்லு, அவுக்கச் சொல்லு"ன்னான்.

அண்ணி அதை வாசல்லயே நிறுத்திட்டாங்க. "தம்பி, தோலைத் தறிகிட்ட எடுத்தாராதீங்க." நூல்ல நாத்தம் ஏறிடும்னு பயம். சரின்னு தெருவுல புங்கமரத்துக்குக் கீழ ஒக்காந்தோம், அப்பனும் பொண்ணும்.

மொத நாளு ரெண்டு ஓட்டை கோத்தா. அடுத்த வாரம் முழுசும் கோத்துட்டா. அப்புறம் புளியங்கொட்டையை ரெண்டே வெரலால பொறுக்கி சொம்புக்குள்ள போடற பந்தயம்... என்னை ஜெயிச்சா! களிமண்ணை உருட்டிப் பாம்பு பண்ணுவோம். அறுந்த நூலுக்கு முடிச்சி போட அவ எனக்குக் கத்துக் குடுத்தா. எனக்கு வரவே இல்ல.

"அய்ய, நைனா! உன் வெரலு இன்னா இப்டி தடியா கீது!"

அப்படி ஒரு சிரிப்பு.

மார்கழி கடைசியில அவளே சிலேட்டைக் கேட்டா. மெதுவா, நாக்கைக் கடிச்சிக்கினு, 'சரசு'ன்னு எழுதுனா. பல்பம் ஒடையல. என்னால நம்பவே முடியல போங்க.

ராஜா தலை போட்ட தபால் கார்டு நாலு வாங்கி, என் அட்ரஸை நானே எழுதி, அவ பாவாடை வெச்சிருந்த பொட்டியில போட்டேன். தை மாசம் போய்ட்டாங்க.

அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமைன்னாலே எனக்குப் பேஜார்தான். எங்க போறது? போஸ்ட்மேனை தெனம் கேப்பேன். என்னைப் பாத்தா அந்தாளு சந்து மாறிப் போக ஆரம்பிச்சிட்டாரு.

ஒரு வருசத்துக்கு மேல ஆச்சி, அங்க பள்ளிக்கூடத்துல சேந்து எழுதப் பழகினதும்தான் மொத கார்டு வந்துச்சி. எழுத்தைப் பாத்து சொக்கிப் போய்ட்டேன். முத்து முத்தா இருந்துச்சி. அப்புறந்தான் படிச்சேன்.

"அன்புள்ள சித்தப்பாவுக்கு, சரசு எழுதிக்கொண்டது. இங்கு நைனாவும் அம்மாவும் சவுக்கியம்..."

கரீமுக்குத் தமிழ் படிக்க வராது. "இன்னா எழுதிக்கீது?"ன்னான். "நல்லா கீறாளாம்"னேன். சந்தோசத்துல அவன் டீ வாங்கியாந்தான். குடிச்சேன்.

யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். தெனம் சோறு ஊட்டுறவங்களைத்தானே கொழந்தை அம்மா, நைனான்னு கூப்பிடும்? ஆனா வலிச்சிது. இப்பவும் வலிக்குது.

இப்ப மெட்ராஸ் கடையில, கொழந்தைங்க கோக்கறதுக்குன்னே கலர் மணி பொட்டியில போட்டு விக்கிறான். வாங்கிக் குடுக்க எனக்கு யாரும் இல்ல. சரசுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி. மாசம் தவறாம கார்டு வருது, எழுத்து என்னோடதைவிட நல்லா இருக்கு. நானும் வந்த அன்னிக்கே பதில் போட்டுடறேன். எல்லாம் எழுதி முடிச்சி, கடைசியில 'இப்படிக்கு'ன்னு போட்டுட்டு, அவ போட்ட மொத கார்டை எடுத்துப் பாப்பேன்.

அப்புறம் 'சித்தப்பா'ன்னு எழுதிடுவேன்.