வெள்ளாமை வெட்டிய கை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் வாகரைப் பக்கம் என்னைப் போல வெள்ளாமை வெட்டிய ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம். இடக்கை நெற்தாளைக் கொத்தாகப் பிடித்து இழுக்கும். வலக்கையில் இருக்கும் தாக்கத்தி அடியோடு அறுக்கும். கூலிக்கு வெட்டத் தொடங்கியவன்தான். இன்றைக்கு வயல், கல்வீடு, உழவு மெசின் எல்லாம் இந்தக் கை சம்பாதித்தவை. பெரிய வயல்காரரைக் கூப்பிடுவதுபோல் என்னையும் போடியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

செம்மறிகள் மட்டும் என் சம்பாத்தியம் இல்லை. அவை என் மனைவியுடையவை. மலைநாட்டுக் கலப்பினம், நம்முடைய ஊர்ச் செம்மறி போல் இல்லாமல் கம்பளி அடர்ந்து வளரும். சித்திரை வெயில் ஏறுமுன் அவள் குசினிக் கதவடியில் உட்கார்ந்து, தையல் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டிவிடுவாள். வெட்டி முடித்த ஆட்டுக்கு ஒரு சட்டி கஞ்சி. அதையெல்லாம் நான் நின்று பார்த்ததில்லை. எனக்கு வயலிருந்தது.

போன மாரியில் அவள் மட்டக்களப்பு ஆசுபத்திரியில் கண்ணை மூடினாள். கடைசி நாட்களில் அவள் கையைப் பிடித்தபடியே இருந்தேன். “மெல்லப் பிடியுங்க, நோகுது” என்றாள். நான் மெல்லத்தான் பிடித்திருந்தேன்.

பங்குனியில் ஆடுகள் கம்பளிப் பாரத்தோடு வாயால் மூச்சு வாங்கின. அவள் போத்தலில் பால் கொடுத்து வளர்த்த கறுத்த முகத்து மறிக்கு வாலடியில் ஈ மொய்க்கத் தொடங்கியது. விட்டால் புழு வைக்கும்.

“வித்துப்போட்டு நிம்மதியா இருங்கப்பா. உங்களால பார்க்க ஏலுமா?” என்றாள் மகள்.

மற்ற ஆடுகளோடு அந்த மறியும் போனால், வீட்டில் என் மனைவியுடையது என்று மூச்சு விடுகிற உயிர் ஒன்றும் இருக்காது. அரசாங்கக் கால்நடைப் பண்ணையில் கம்பளி வெட்டப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறினேன்.

பழக்கியது மலைநாட்டுப் பிள்ளை ஒருத்தி. ஆட்டைப் பிட்டத்தில் இருத்தி, முதுகை நம் முழங்காலில் சாய்த்துக்கொள்ள வேண்டும். அப்படி இருத்தினால் அது திமிறாது. வந்தவர்களில் மூத்தவன் நான்தான்; முதலில் ஆட்டை இருத்தியவனும் நான்தான். கத்தரியை வாங்கி, இடக்கையால் கம்பளியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து ஒரு வெட்டு. ஆடு துடித்தது. வெள்ளைக் கம்பளியில் இரத்தம்.

“ஐயா, இழுக்காதீங்க! இழுத்தா தோலும் சேர்ந்து எந்திரிக்கும்.”

பக்கத்தில் நின்ற ஓட்டமாவடி முஸ்லிம் ஒருவர் சிரித்தார்; அவர்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். “என்ன போடியார், ஆட்டையும் வெட்டின நெல்லு மாதிரி உப்பட்டி கட்டப் போறீங்களா?”

“வாயப் பொத்திட்டு உங்கட ஆட்டப் பாருங்க, காக்கா.”

மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் இரத்தம். கை சொல் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை என் வெற்றிலைப் பையைக் கேட்டு வாங்கி, ஒரு வெற்றிலையை எடுத்து ஆட்டின் விலாவில் வைத்தாள்.

“இது மேல கைய விரிச்சு வைங்க. வெத்தல கசங்கக் கூடாது. தோல மட்டும் பின்னால தள்ளுங்க.”

கசங்கியது. இன்னொன்று வைத்தாள். அதுவும் கசங்கியது.

“சப்ப வெத்தில மிஞ்சாது போடியார்” என்றார் காக்கா. பிறகு தன் பையிலிருந்து ஒரு பிடி வெற்றிலை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டார்.

பயிற்சி முடிகிற நாளில் என் கைக்குக் கீழே ஒரு வெற்றிலை கசங்காமல் கிடந்தது. வெள்ளாமையில் பேரெடுத்தபோதுகூட அவ்வளவு சந்தோசம் வந்ததில்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை முதலில் மறியைக் குசினிக் கதவடியில் இருத்தினேன். கையை விரித்து வைத்தேன். தோல் சூடாக இருந்தது. அதற்கு அடியில் மூச்சு ஏறி இறங்கியது. இப்படித்தான் பிடித்திருக்க வேண்டும் அவள் கையை. கண் கலங்கியதால் கத்தரியை நிறுத்தி நிறுத்தி வெட்டினேன். கம்பளி ஒரே விரிப்பாகக் கழன்று விழுந்தது. வாலடியில் புழு இல்லை. ஒரு கீறல் இல்லை, நம்பாதவர்கள் வந்து தடவிப் பார்க்கலாம்.

மறி எழுந்து உடம்பை உதறியது. பட்டிக்குப் போகவில்லை. குசினிக் கதவைப் பார்த்துக் கத்தியது.

கஞ்சி.

அவள் போனதிலிருந்து சாப்பாடு மகள் வீட்டிலிருந்துதான் வருகிறது. உழவு மெசினைக் கழற்றிப் பூட்டுகிற எனக்கு அரிசி எதில் இருக்கிறதென்று தெரியவில்லை. தேடி எடுத்து, அடுப்பு மூட்டி, ஒரு மாதிரி வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. ஆற்றிச் சட்டியில் ஊற்றிக் கொண்டுபோனேன்.

மறி முகர்ந்து பார்த்தது. இரண்டு வாய் குடித்தது. பிறகு தலையைத் தூக்கி, என்னைத் தாண்டிக் கதவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றது.