காசித்தும்பையும் மூன்று கோழிகளும்

உருத்திரபுரத்துக்கு இராசேஸ்வரி வந்தது ஐம்பத்து மூன்றாம் ஆண்டில். நீர்வேலியில் பிறந்தவள். கட்டிய புருஷன் யோகலிங்கத்துக்குக் குடியேற்றத் திட்டத்தில் வயலும் மேட்டுக்காணியும் கிடைத்ததும், இரண்டு பெட்டியும் ஒரு அம்மியுமாக வண்டியேறிவிட்டாள். வந்த புதிதில் அவள் அழவில்லை. யானை பிளிறுவது கேட்டும் பயப்படவில்லை. அவளுக்கிருந்த குறை ஒன்றுதான்: ஊரில் பேருக்குக்கூட ஒரு பூ இல்லை!

எப்படி இருக்கும்? நேற்றுத்தானே காடு வெட்டினார்கள். செவ்வரத்தைத் தடியை ஊன்றினால் அது வேர்விட்டுக் கிளைவிட்டுப் பூக்க ஆற அமர நாள் எடுக்கும். காடு வெட்டும்போது அகப்பட்ட ஒரு கல்லுப் பிள்ளையாரைக் கிடுகுக் கொட்டிலில் வைத்து, தில்லைநாதன் என்ற வயல்காரர் பூசை செய்துவந்தார். அவர் பிள்ளையாருக்குச் சாத்தியதெல்லாம் அறுகம்புல்தான். வெறும் புல்லோடு பிள்ளையார் இருப்பதை இராசேஸ்வரியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மார்கழியிலை திருவெம்பாவை பத்து நாளும் பூ என்ரை பொறுப்பு," என்று ஒரு நாள் கோயில் வாசலில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள்.

யோகலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இஞ்சாரும், பூவுக்கு எங்கை போகப் போறீர்?"

"விதை இருக்கு," என்றாள் அவள்.

உண்மைதான். தாய்வீட்டிலிருந்து வரும்போது ஒரு சீலைத்துண்டில் காசித்தும்பை விதை முடிந்துகொண்டு வந்திருந்தாள். ஐப்பசி மழைக்குப் போட்டால் மார்கழியில் பூத்துக் குலுங்கும். பூத்துக் காய்த்து, காயைத் தொட்டால் வெடித்து, அடுத்த மாரிக்கு விதையையும் தந்துவிட்டுப் பட்டுப்போகும். அவசரக்காரருக்கு அதைவிட நல்ல பூ கிடையாது. இராசேஸ்வரி அவசரக்காரி.

முதல் மழை விழுந்ததும் முடிச்சில் பாதியை எடுத்துச் சாம்பலோடு கலந்து, முற்றத்து ஓரமாக வேலி நெடுகிலும் தூவினாள். மேலே மண் போட்டு மூடவில்லை. கையால் இலேசாகத் தட்டிவிட்டாள், அவ்வளவுதான். ஒரு கிழமை போயிற்று. பத்து நாளும் போயிற்று. ஒரு முளையைக் காணோம்.

அப்போதுதான் அவள் கண்ணில் ஒரு கோழி பட்டது. பக்கத்துக் காணி யூலிற்றாவின் கோழி.

யூலிற்றா முல்லைத்தீவுக் கரையோரத்து வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். இராசேஸ்வரியைவிடப் பத்து வயது மூத்தவள், வாயும் பெரிது, மனமும் பெரிது. இராசேஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் அவள்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பொட்டால் நெருப்பும் உப்பும் ஊர்க்கதையும் போய்வந்தன. கூடவே யூலிற்றாவின் மூன்று கோழிகளும் வந்தன. அவற்றில் ஒன்று விதைத்த இடத்தில் நின்று காலால் கிண்டுவதை இராசேஸ்வரி கண்டாள்.

"அக்கா! உங்கடை கோழியள் என்ரை விதையெல்லாத்தையும் பொறுக்கித் திண்டிட்டுதுகள்! பிள்ளையாருக்கெண்டு போட்ட விதை!"

"ஒரு கோழி கிண்டினதுக்கு ஏனடி பிள்ளை இப்பிடிக் குளறுறாய்?"

"ஒரு பூ இல்லாமல் ஊருக்கு முன்னாலை நான் எப்பிடி நிக்கிறது? கோழி வளக்கிறவை கட்டி வளக்கவேணும். கண்ட கண்ட இடத்திலை மேயவிடுற பழக்கம் உங்கடை கரையிலை இருக்கும், எங்களிட்டை இல்லை!"

அந்தக் கடைசிப் பேச்சு தேவையில்லாத பேச்சு. வாயைவிட்டுப் போனபின் அவளுக்கே தெரிந்தது. அடுத்த நாள் பொட்டில் காரைமுள் அடைத்திருந்தது. அந்தக் கிழமையே மூன்று கோழிகளும் கூடையிலேறி, முல்லைத்தீவுக்கு அவளுடைய தங்கை வீட்டுக்குப் போய்விட்டன.

சரி, தொல்லை விட்டது என்று இராசேஸ்வரி மிச்ச விதையையும் கொண்டுவந்து அதே இடத்தில் தூவினாள். மனம் என்னவோ சரியில்லை. வேலிக்கு அப்பால் யூலிற்றா இருமுவது கேட்டால் இங்கே இவளுக்குச் சோறு இறங்காது.

மூன்றாம் நாள் விடிய, வழக்கம்போல முற்றம் கூட்டினாள். இராசேஸ்வரி கூட்டுவதை இங்கே சொல்லத்தான் வேண்டும். நீர்வேலியில் அவளைப் பெண்பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்க்கமுன் முற்றத்தைப் பார்த்தார்களாம். வேலியடி தொடங்கி வாசல்வரை, ஈர்க்கு விளக்குமாற்றால் வளைவு வளைவாக இழுத்தாளென்றால் ஒரு சருகு மிஞ்சாது. அரை நித்திரையிலும் கை தானாகக் கூட்டும். மற்ற நாட்களில் இருட்டோடு கொட்டிவிட்டு வருபவள், அன்று நன்றாக வெளுத்தபின் கூட்டி அள்ளிய கடகத்தோடு கோடிப்புறத்துக் குப்பைக்கிடங்குக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கிடங்கு நிறையக் காசித்தும்பை! இளஞ்சிவப்புத் தண்டும் நாலு இலையுமாக, நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

கோழி தின்ற விதை குப்பையில் முளைக்குமா? அவள் கடகத்துக்குள் கையைவிட்டுப் பார்த்தாள். மண்ணோடு மண்ணாகப் பழுப்பு விதைகள். அவை முந்தாநாள் அவள் தூவியவை.

"அட பாவி! நானல்லோ!" என்று வாய்விட்டே சொன்னாள். மண்மூடாமல் தூவிவிட்டு, ஒவ்வொரு நாளும் விடிய வேலியடியிலிருந்து வழித்துக் கூட்டிக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள். பாவம் அந்தக் கோழி புழுவையோ பூச்சியையோ கிண்டியிருக்கும்.

அன்றைக்கே போய் யூலிற்றாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம் காலைப் பிடித்தது. கன்றுகளைக் கிளப்பிக்கொண்டுவந்து முற்றத்து ஓரம் பாத்தி கட்டி நட்டாள். அந்த ஓரத்துக்கு விளக்குமாற்றைக் கொண்டுபோகவே இல்லை. மழை நன்றாகப் பெய்தது. மார்கழி பிறக்க, வெள்ளையும் சிவப்பும் ஊதாவுமாக வேலி தெரியாமல் பூத்தது. தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். யூலிற்றாவும் தன் பக்கத்திலிருந்து ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இராசேஸ்வரிக்கு அந்தப் பூவைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, குற்றமாகவும் இருந்தது.

அந்த வருஷம் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, இரண்டு நாள் முந்தித் திருவெம்பாவை தொடங்கியது. முதல் நாள் விடிய ஒரு பெட்டி பூவோடு கோயிலுக்குப் போனாள். தில்லைநாதனுக்கு வாயெல்லாம் பல்.

"நல்லகாலம் பிள்ளை, அந்தக் கோழியள் துலைஞ்சுது. இல்லாட்டில் இந்தப் பூவைக் கண்டிருப்பமே?"

இராசேஸ்வரிக்கு முகம் சுட்டது.

"கோழியில்லை அண்ணை," என்றாள். "நான்தான் விதையைக் கூட்டித் தள்ளினனான். குப்பைக்கிடங்கிலை முளைச்சுது. அந்த மனுசியை வீணாய்ப் பேசிப்போட்டன். குப்பையிலை முளைச்ச பூ, வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, கொண்டு போறன்."

தில்லைநாதன் பூப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பிள்ளையாரே காட்டுச் சருகுக்குள்ளை கிடந்து வந்தவர். அவர் ஒண்டும் நினையார். நீ சொல்லவேண்டிய ஆள் நானில்லை."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். யோகலிங்கம் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப்போனான். ஆனாலும் அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாங்குளம்வரை மிதித்து, ஒரு கூட்டாளி வீட்டிலிருந்து நல்ல முட்டைக்கோழி ஒன்றைக் கொண்டுவந்தான்.

"நீங்களே குடுத்துவிடுங்கோவன்."

"சண்டை பிடிச்சது நீர். கொண்டு போறதும் நீர்தான்."

இராசேஸ்வரி பரம்பரைச் சைவம். பிறந்த நாள்தொட்டு ஒரு கோழியைக் கையால் தொட்டவளில்லை. பொட்டில் முள். நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம், ஒரு கையில் காசித்தும்பைக் கட்டு, மறு கக்கத்தில் சிறகடிக்கும் கோழி, கழுத்தை எட்டக் கோணிக்கொண்டு தெருவால் சுற்றிப் போனாள். வாய்க்கால் கட்டில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

யூலிற்றா வாசலில் பாலன் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் கோழியைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"உங்கடை கோழியள் ஒண்டும் செய்யேல்லை அக்கா. நான்தான் விதையைக் கூட்டிக் குப்பையிலை கொட்டினனான். ஒரு மாசத்துக்கு மேலாய்த் தெரியும், சொல்ல வெக்கமாய் இருந்தது. உங்கடை கரையைப் பற்றிச் சொன்னதும் பிழை." கண் கலங்கிவிட்டது. "பூ உங்கடை குடிலுக்கு. இது போன கோழிக்குப் பதிலாய்."

யூலிற்றா கோழியின் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "நாளைக்குக் கறிக்கு ஆச்சு," என்றாள்.

"ஐயோ அக்கா! வெட்டிப் போடாதேங்கோ! வளக்கத்தான் தந்தனான்!"

யூலிற்றா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே போய்ப் பொட்டில் கிடந்த காரைமுள்ளை இழுத்து எறிந்தாள். இராசேஸ்வரியின் கையிலிருந்து குதித்த கோழி அந்த வழியாலேயே போய், அவளுடைய பூப்பாத்தியில் ஏறிக் காலால் கிண்டத் தொடங்கியது.

"சூ! சூ! பார் பிள்ளை, வந்த உடனை உன்ரை பாத்தியைக் கிண்டுது!" என்று யூலிற்றா பதறி ஓடினாள்.

இராசேஸ்வரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்கோ அக்கா. என்ரை விளக்குமாறு செய்ததைவிடக் கூடவோ அது செய்யப் போகுது?"