கண்மாய்க் கரையில் கிடைத்த ரோமானியக் காசு

என்னைப் பெற்ற அய்யாவின் காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம் அது. அருங்காட்சியகத்தில் பழங்காசுகளைப் பதிவுசெய்வது என் வேலை. சாவு வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. அலுவலகத்தில் யாராவது துக்கம் விசாரித்தால் தலையை ஆட்டிவிட்டு மேசைக்குப் போய்விடுவேன்.

ஒரு மதியம் தொண்டிக் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். வயல் கூலிக்குப் போகிறவர்கள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் செப்புக்காசு ஒன்றை மேசையில் வைத்தாள். ஒரு பக்கம் புளி போட்டுத் தேய்த்ததில் வழவழவென்றாகிவிட்டது. மறுபக்கம் பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது.

“நாந்தான் வெளக்குனேன். பாதியில கை ஓடல” என்றாள்.

களிம்புப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நின்றுகொண்டு ஈட்டியால் குத்தும் வீரன். குதிரையோடு சரிகிற இன்னொருவன். நான்காம் நூற்றாண்டு ரோமானியக் காசு. தேய்த்த பக்கத்தில் தலையின் கோடு மட்டுமே மிஞ்சியிருந்தது. எந்த மன்னன் என்று சொல்ல வழியில்லை. எடை போட்டேன், விட்டம் அளந்தேன்.

“எங்கன கெடைச்சுச்சு?”

“கண்மாய்க் கரையில. குழி தோண்டயில வந்துச்சு” என்றான் அவன்.

“என்ன குழி?”

அவன் தரையைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்: “பிள்ளையப் பொதைக்க. இன்னும் பேரு வைக்கல.”

எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். அதைக் கேட்காமல் பதிவு முடியாது. அவன் எழுந்து நின்று தொடையருகே கையை வைத்துக் காட்டினான். எழுதிக்கொண்டேன். என் குரல் மாறவில்லை. அவள் குரலும்தான்.

“காசு கெடைச்ச எடத்த கவர்மெண்டு தோண்டிப் பாக்கும்னு ஊருல சொல்றாக. அதான் நாங்களே வந்தோம். அங்கன தோண்டுவீகளாக்கா?”

“தெரியல. கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

மறுநாள் தொல்லியல் துறை அதிகாரியோடு அங்கே போனேன். அவள் புருஷன் இடத்தைக் காட்டினான். புது மண்மேட்டில் நாய் பறிக்காமலிருக்கக் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் பானை ஓடுகள் கிடந்தன. அதிகாரி குனிந்து ஓடு ஒன்றை எடுத்துப் பார்த்தார். “இங்கயே ஒரு குழி போட்டா நல்லா இருக்கும்” என்றார்.

“வேண்டாம் சார். பச்சப்பிள்ளை இருக்கு” என்றேன்.

அவர் அவனைப் பார்த்தார். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். அதிகாரி மேற்கே நடந்து, தூரத்தில் வேறோர் இடத்தைக் காட்டினார். பிறகு அங்கே தோண்டியதில் வண்டல்தான் வந்தது. வேறெங்கும் தோண்டவில்லை.

வேலையை முடித்துக்கொண்ட அன்று அவனுக்குப் போன் செய்தேன்.

“பிள்ளை எடத்த யாரும் தொட மாட்டாங்க. ரிப்போர்ட்டுல எழுதியும் வச்சிட்டேன்.”

அவன் பக்கத்திலிருந்தவளிடம் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது.

“சரிங்கக்கா” என்றான். பிறகு என்ன பேசுவதென்று தெரியாமலோ என்னவோ, “சாப்ட்டீகளா?” என்றான்.

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டேனா என்று நினைவில்லை.