மல்லிகாவின் விரலை அறியாத போன்

ட்ர்ர்... ட்ர்ர்...

விரலை ஏற்க மறுக்கும்போதெல்லாம் அந்த போன் இரண்டு முறை துடித்துவிட்டு அடங்கும். மரப்பலகை மேல் இருந்ததால் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

புது போன் எப்படி என்று நண்பர்கள் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் இது...

விரல் ரேகையில் திறக்கும் போன்கள் எல்லோருக்கும் எட்டும் விலைக்கு இறங்கிய சமயம். ஒரு கம்பெனி மூன்று மாடல்களை ஒன்றாக விட்டிருந்தது. காஞ்சிபுரத்தில் வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதச் சொன்னார்கள், நான் அப்போது வேலை பார்த்த பத்திரிகை ஆபீஸில்.

பெரிய மாடல் வாங்கிய ஜவுளிக்கடை மேனேஜர், "கேமரா சூப்பர் சார், அரக்கு கலர் அரக்காவே வருது" என்றார். நடு மாடல் வாங்கிய பள்ளி ஆசிரியர், "சார்ஜ் ரெண்டு நாள் நிக்குது. பாக்கெட்ல வெச்சா சூடாவுது" என்றார். குறித்துக்கொண்டேன்.

சின்ன மாடல் வாங்கியவர் மல்லிகா. பாவு பிணைப்பவர். பட்டுத்தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு தீர்ந்ததும், அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். முடிச்சு கிடையாது. முறுக்குதான்.

நான் போனபோது அவரும் மகள் திவ்யாவும் போன் மேல் குனிந்திருந்தார்கள்.

"புது போன் எப்படிம்மா இருக்குது?"

"இருக்குது சார், எமனாட்டம்."

திவ்யாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் இடம் வந்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் சம்மதம் கொடுக்க வேண்டும். அதற்கான ஓடிபி மல்லிகாவின் நம்பருக்குத்தான் வரும். வந்தும்விட்டது. போன்தான் திறக்கவில்லை. திரையில் 'ஒரு புதிய செய்தி' என்ற வரி மட்டும் தெரிந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. போன் வாங்கிய வாரம் மல்லிகாவுக்கு வேலை இல்லை. விரல்கள் ஓய்ந்திருந்தன, ரேகை பதிந்தது. அதன் பின் அடுத்தடுத்து மூன்று பாவு. சாம்பலும் பட்டும் தேய்த்து விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டன.

"நம்பர் ஒண்ணு போட்டிருப்பியேம்மா, அது இன்னா?" என்றாள் திவ்யா.

"கடைக்காரரு ஏதோ ஆறு நம்பர் அடின்னாரு, அடிச்சேன். விரல்தான் இருக்குதே, நம்பர் எதுக்குன்னு வுட்டுட்டேன்."

"நல்லா வுட்ட!"

"நீ ஏண்டி அன்னிக்குக் கூட வரல?"

திவ்யா எதையெதையோ அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தவறுக்கும் போன் காத்திருக்கச் சொன்னது. முதலில் அரை நிமிடம். பிறகு இன்னும் அதிகம். மணி 4.17.

போன் வாங்கிய கடைக்கு நான் பேசினேன். "கொண்டாங்க சார், எல்லாத்தையும் அழிச்சுட்டுத் தொறந்து தரேன். ஒரு மணி நேரம் ஆவும்" என்றார்கள்.

ஒரு மணி நேரம் எங்களிடம் இல்லை.

"இந்த சீட்டு போச்சுன்னா அடுத்த ரவுண்டுல இன்னா கிடைக்கும்னே தெரியாது சார்..." என்றாள் திவ்யா. நான் நோட்டை மூடி வைத்தேன்.

மல்லிகா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"சார், மெசேஜு இந்தப் பொட்டிக்கு வருதா, சிம்முக்கு வருதா?"

அத்தனை வருடம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

என் சட்டைப் பையில் பழைய பட்டன் போன் இருந்தது. ஆனால் அதில் பெரிய சிம்தான் உட்காரும். மல்லிகாவுடையது சுண்டுவிரல் நகம் அளவு. அதைப் பெயர்த்தெடுத்த பெரிய சிம் அளவு அட்டை வேண்டும்; அதன் ஓட்டையில் வைத்தால் என் போனில் உட்காரும்.

"எங்கம்மா எதையும் தூக்கிப் போடாது சார்" என்று திவ்யா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து போன் பெட்டியை எடுத்தாள். அட்டை இருந்தது. சிம் தட்டைத் திறக்கும் ஊசியும் இருந்தது.

அட்டையின் ஓட்டைக்குள் சிம்மை வைக்க நான் முயன்றேன். நழுவி விழுந்தது. மூன்று பேரும் தரையில் தவழ்ந்தோம்.

மல்லிகாதான் தடவி எடுத்தார். "தள்ளுங்க சார். இழைக்கு இது எவ்ளோ பெருசு!"

ஒரே அழுத்து. உட்கார்ந்துவிட்டது.

தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். என் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. திவ்யா ஓடிபி-யை மறுபடி கேட்டாள். வரவில்லை. 4.46. வரவில்லை. "வருமா சார்?" என்றார் மல்லிகா.

4.49-க்குப் போன் துடித்தது. மல்லிகா ஒவ்வோர் எண்ணாகப் படிக்கப் படிக்க, திவ்யா அடித்தாள்.

4.53-க்கு இடம் உறுதியானது.

திரும்பும் வழியில் மல்லிகாவே கேட்டார். "நீங்க கேக்க வந்ததுக்கு நான் பதிலே சொல்லலியே சார்?"

"இப்பச் சொல்லுங்க. போன் எப்படி?"

"நல்ல போன்தான் சார். என்னைத்தான் யாருன்னு தெரியல அதுக்கு."

அதை அப்படியே எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள். கேமராவும் சார்ஜும் அச்சில் வந்தன.

திவ்யா இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலையில் இருக்கிறாள். மல்லிகா இன்றும் பாவு பிணைக்கிறார். அவர் போனுக்குப் பூட்டே கிடையாது.

சரி, என் புது போன். வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பியது. இந்த ஆண்டு வந்த வரிசையிலேயே மெலிதானதாம். படம் துல்லியம். சார்ஜ் சாயங்காலம் வரை நிற்பதில்லை. என் முகத்தைப் பார்த்துத் திறக்கும்.

போன வாரம் கண் ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்தேன். போன் என்னைப் பார்த்தது. திறக்கவில்லை.

என்னையறியாமல் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், ஊசி நுழையும் அந்தச் சின்னத் துளைக்காக. நாலு பக்கமும் தேடினேன். இந்த மாடலில் துளையே இல்லை. உள்ளேயே பதிந்த இ-சிம்தானாம், கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

அன்று போனைத் திறந்துவிட்ட என் ஆறு எண்களை ஒரு தாளில் எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். தினமும் ஒரு முறை, இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.