நூறு மில்லி மட்டும்

நம்பாவிட்டால் போங்கள். பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பேய் என்றாலே வாய்விட்டுச் சிரிக்கிறவள் நான். நோன்பு மாதம், பட்டப்பகல், ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இது நடந்தது.

அறுவை நேரத்தில் இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டும் இயந்திரம் என் பொறுப்பு. மேஜையில் முன்ஜி, படகோட்டி, வயது நாற்பத்து நான்கு. மகாதமனியின் உட்சுவர் கிழிந்து, அந்தக் கிழிசலுக்குள் ரத்தம் புகுந்து பொய்யாக ஒரு வழி உண்டாகியிருந்தது. வெளியே அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

இயந்திரத்தின் ரத்தத்தை உள்ளே அனுப்ப இரண்டு வழி: தொடைத் தமனி, வலது தோள் தமனி. தொடை சீக்கிரம் முடியும் என்று டாக்டர் திஜானி அங்கேயே குழாய் வைத்தார். ஆனால் ரத்தம் அந்தப் பொய் வழிக்குள் பாய்ந்துவிட்டால் மூளை செத்துப்போகும். அதனால் முதலில் கொஞ்சம் ரத்தத்தை மட்டும் செலுத்திக் குழாயின் அழுத்தத்தைப் பார்ப்போம். அவர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், அப்புறம்தான் கை வைப்பேன்.

மதியம் 2.20. இயந்திரத்தின் வேகக் குமிழ் நான் வைத்த இடத்தில் இல்லை. திரும்பப் பூஜ்யத்தில் வைத்தேன்.

2.33. முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். என் மூச்சோடு சேர்ந்தே வந்தது. நான் மூச்சை அடக்கினேன். அது கொஞ்சம் பிந்தி நின்றது...

2.46.

"ஹயாத், நூறு மில்லி மட்டும்."

நான் வாய் திறப்பதற்குள்...

"முழுசா ஓட்டுறேன், டாக்டர்."

என் குரல்.

என் உதடு அசையவில்லை.

க்ர்ர்... க்ர்ர்... ரத்தத்தைத் தள்ளும் உருளை சுழன்றது. என் கை மடியில் இருந்தது.

குழாயில் அழுத்தம் 180. 260. 340.

மூளையின் ஆக்சிஜன் அளவு இறங்கியது.

குமிழ் திரும்பவில்லை. இயந்திரத்தையே அணைத்துக் குழாயில் கிடுக்கி போட்டேன்.

"பைத்தியமா உனக்கு? நூறுன்னுதானே சொன்னேன்?"

"நான் பேசவே இல்ல, டாக்டர்."

"எங்க எல்லாருக்கும் காது இருக்கு."

தோளுக்கு மாற்றினார்கள். அழுத்தம் சரியாக நின்றது. முன்ஜி பிழைத்தார். மூன்றாம் நாள் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

என் மேல் வைத்த விசாரணைக்கு முந்தின நாள், மூத்த நர்ஸ் மப்ரூக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உனக்கு முன்னாடி லஸ்ஹர்னு ஒருத்தர் இருந்தாருடி. இதே மிஷின். இதே தொடை வழி. அன்னைக்கு நோயாளி மேஜையிலயே செத்துப்போயிட்டான்."

"லஸ்ஹர் என்ன சொன்னாரு?"

"எங்க சொன்னாரு... 'நான் ஓட்டல'ன்னு எழுதிக் காட்டினாரு. 'முழுசா ஓட்டுறேன்'னு அவர் குரல்ல ஆறு பேர் கேட்டோம். சாட்சியும் சொன்னோம். வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

"எதுக்கு எழுதிக் காட்டணும்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவருக்குத் தொண்டை கட்டி, குரலே வராம நாலு நாள் ஆயிருந்துச்சு. காலையிலேருந்து கட்டைவிரலைக் காட்டித்தான் வேலை பார்த்தாரு. சாட்சி சொல்றப்ப, எங்க ஆறு பேர்ல ஒருத்தருக்குக்கூட அது ஞாபகம் வரல."