பாலம்மாள் வீட்டுக்கு வந்த பேச்சுத் துணை

பாலம்மாளுக்குத் தமிழ் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோவில்பட்டிச் சந்தையில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுவாள். ரேஷன் கடைக்காரனிடம் நியாயம் கேட்பாள். ஆனால் சிரிக்கவும் சடைத்துக்கொள்ளவும் பிள்ளையைக் கொஞ்சவும் அவளுக்குத் தெலுங்குதான் வரும். கழுகுமலைக்குப் பக்கத்தில் அவள் பிறந்த கரிசல் ஊரில் தெருவில் தமிழ், வாசல் தாண்டினால் தெலுங்கு. அதை எழுதப் படிக்க ஒருத்தருக்கும் தெரியாது. தாய் பேசப் பிள்ளை பேசும், அவ்வளவுதான்.

புருஷன் வேணுகோபாலுக்கு மில்லில் வேலை கிடைத்து டவுனுக்குக் குடிவந்தார்கள். மகள் செண்பகவல்லி அப்போது இரண்டாம் வகுப்பு. வாத்தியாருக்குப் பாதித் தெலுங்கில் பதில் சொல்லப்போய், வகுப்பே சிரித்ததென்று அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்கே வேணுகோபால் சட்டம் போட்டுவிட்டான்.

“இந்தா பாரு, இனிமே இந்த வீட்டுல தெலுங்கு கிடையாது. பிள்ள படிக்கணுமா, வேண்டாமா?”

வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? வேணுகோபால் தானும் அப்படியே நடந்தான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. பாலம்மாள் மறந்து ஒரு வார்த்தை விட்டால் மகளே முறைப்பாள். “தமிழ்ல சொல்லும்மா.” போகப் போகப் பேச்சே குறைந்துவிட்டது. தாய் தகப்பனும் தம்பியும் போய்ச் சேர்ந்தபின் பிறந்த ஊருக்குப் போக்குவரத்தும் நின்றது. அக்கம்பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள், “அண்ணாச்சி சம்சாரம் அமைதியான பொம்பள,” என்று மெச்சினார்கள். பிறந்த ஊரில் வாயாடி என்று பேரெடுத்தவள் அவள். அதை இவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

எண்பத்து நாலாம் வருஷம் செண்பகவல்லியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் சீனியம்மாள், எட்டயபுரம் பக்கத்தில் காடுகரை வைத்து விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுக்காரி. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் தாய் நேரே அடுப்படிக்குப் போய்ப் பெண்ணிடம் தண்ணீர் கேட்பாள். செம்பை நீட்டிக்கொண்டே பெண் நாலு வார்த்தை பேச வேண்டும்.

சீனியம்மாள் தெலுங்கில் கேட்டாள். செண்பகவல்லி தண்ணீரை மொண்டு, “இந்தாங்க அத்த,” என்று கொடுத்தாள். அடுத்தடுத்துக் கேட்டதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில் மட்டும் தமிழிலேயே வந்தது.

சீனியம்மாள் திரும்பிப் பாலம்மாளைப் பார்த்தாள். சமாளிக்கத்தான் பாலம்மாள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் மூடவில்லை. மகளைப் பற்றித் தொடங்கி மழை, பருத்தி, செத்துப்போன தம்பி என்று அத்தனையையும் தெலுங்கில் கொட்டினாள். நடுவில் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மகள் அடுப்போரம் நின்று புதுசாகப் பார்த்தாள்.

கிளம்பும்போது சீனியம்மாள் வேணுகோபாலிடம் நயமாகத்தான் சொன்னாள்.

“தங்கமான பிள்ள, அண்ணாச்சி. ஆனா எங்க வீட்டுல அம்புட்டுப் பேரும் தெலுங்குதான் பேசுதோம். எல்லாரும் கூடிச் சிரிக்கையில இது மட்டும் ஒத்தையில நிக்குமே. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

பாலம்மாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனாள். சம்பந்தம் தட்டிப்போன வருத்தம் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் அடிக்க வருவார்கள். எட்டயபுரம் பஸ் கொஞ்சம் பிந்தி வரக்கூடாதா என்பதுதான் அவள் வேண்டுதல். பஸ் நேரத்துக்கு வந்துவிட்டது.

வீட்டில் வேணுகோபால் குதித்தான். “நான் ஏதோ கோவத்துல சொன்னேன். நீ எனக்குத் தெரியாமயாவது சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா?”

நல்ல நியாயம்! பாலம்மாள் காப்பித் தம்ளர்களைப் பொறுக்கினாள். அவளுக்குச் சொல்ல இருந்ததெல்லாம் தெலுங்கில் இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது செண்பகவல்லி பின்னால் வந்து நின்றாள். ரொம்பத் தயங்கி, திக்கித் திக்கிக் கேட்டாள்.

“அம்மா, அன்னம் திண்டிவா?”

சாப்பிட்டாயா என்று, அம்மாவின் பேச்சில்.

“சாப்பிட்டேன்ட்டி,” என்றாள் பாலம்மாள், குனிந்த தலை நிமிராமல். இத்தனை வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது. சாம்பல் கையோடு பதறித் திரும்பினாள்.

“சரிம்மா,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மகள் போய்க்கொண்டிருந்தாள்.